மாமாவோட மாயாவி எந்த ஆப்ல இருக்கார்?

வண்ணார்பேட்டையில என் மாமா வீட்டுக் கட்டிலுக்கு அடியில ஒரு டிரங்குப் பெட்டி இருந்துச்சு. முத்து காமிக்ஸ், லயன், ராணி காமிக்ஸ்னு முப்பது வருஷச் சேமிப்பு. 2023 டிசம்பர்ல தாமிரபரணி வீட்டுக்குள்ள வந்தப்போ அந்தப் பெட்டியும் முங்கிப்போச்சு. காயப்போட்டுப் பார்த்தார். பிரிச்சா கிழியுது, பிரிக்காட்டி நாறுது.

'இதுக்கா கவலை? எல்லாம்தான் ஆப்ல கிடைக்குதே'ன்னு மார்வெல் அன்லிமிடெட்ல ஒரு மாசச் சந்தா கட்டி, டேப்லெட்டை அவர் கையில கொடுத்தேன். அறுபதுகளில் வந்த ஸ்பைடர்மேன் முதல் போன வருஷக் கதை வரை 30,000 இதழ்களுக்கு மேல உள்ளே இருக்கு. ஒவ்வொரு கட்டமா பெருசாக்கிக் காட்டும். கண்ணாடி தேட வேண்டாம். ரெண்டு நாள் விடாம படிச்சார். மூணாவது நாள் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. நம்ம மாயாவி எங்கல?"

இல்லை. ஏன் இல்லைங்கிறதுதான் விஷயமே.

மார்வெல் தன் கதைகளுக்குத் தானே முதலாளி. பீரோவைத் திறந்து ஸ்கேன் பண்ணிப் போட்டா முடிஞ்சது. அமர் சித்திரக் கதை, டிங்கிள் ரெண்டுக்கும் சந்தா ஆப் இருக்கிறதும் அதனாலதான். இரும்புக்கை மாயாவி கதை வேற. 1962-ல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் 'தி ஸ்டீல் க்ளா'வாகப் பிறந்தவர். மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறைஞ்சுடும், இரும்புக் கை மட்டும் தெரியும். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கினப்போ முதல் இதழே இவர்தான். மூலக்கதையின் உரிமை பல கைமாறி, 2018-ல் ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்குப் போச்சு. 2021-ல் அவங்க ஆங்கிலத்தில் புத்தகமாவும் கொண்டுவந்துட்டாங்க.

ஆக, ஸ்டீல் க்ளா பத்திரமா இருக்கார். ஆனா மாமா படிச்சது ஸ்டீல் க்ளா இல்லையே! அந்தத் தமிழ், கையால எழுதின வசனம், மங்கலான அச்சு, மூலையில் போட்ட விலை... அதுதான் அவரோட மாயாவி. அதை ஆப்ல ஏத்தணும்னா மூலக்கதைக்காரரிடம் டிஜிட்டல் உரிமையைத் தனியா பேசி வாங்கணும், தமிழ்ப் பதிப்புக்காரரும் சம்மதிக்கணும். இத்தனை செலவுக்கு எத்தனை பேர் சந்தா கட்டுவாங்கன்னு கணக்குப் போட்டா, எந்த கம்பெனியும் தயங்கத்தான் செய்யும். 1984-ல் தொடங்கி 2005-ல் நின்னுபோன ராணி காமிக்ஸ் மாதிரி இதழ்களுக்கு அந்தக் கணக்கைப் போடவே ஆள் வேணும்.

இந்த இடைவெளியிலதான் டெலிகிராம் பி.டி.எஃப்கள் சுத்துது. சட்டப்படி தப்பு, பதிப்பாளர் வயித்துல அடிக்கிற வேலையும்கூட. ஆனா சில பழைய இதழ்களோட அட்டையையாவது என் வயசுக்காரங்க பார்த்திருக்கோம்னா, அது யாரோ ஒரு வாசகர் ராத்திரி முழிச்சு ஸ்கேன் பண்ணினதாலதான். ரெண்டும் உண்மை.

இன்னொண்ணு. சந்தாங்கிறது வாடகை. ஒரு மாசம் கட்டலைன்னா அலமாரியே காலி. கட்டினாலும் கடைக்காரர் கையிலதான் சாவி. காமிக்ஸ் உலகமே நம்பியிருந்த காமிக்ஸாலஜி ஆப்பை அமேசான் மூடி, கிண்டிலுக்குள்ள சேர்த்ததும் அதே 2023 டிசம்பர்லதான். வண்ணார்பேட்டையில காகிதம் நனைஞ்ச அதே மாசம். புத்தகங்கள் போயிடலை, ஆனா படிச்சுப் பழகின இடம் போச்சு.

மாமாவுக்கு நான் ஆப் சொல்லிக்கொடுத்த மாதிரி, அவர் எனக்குப் பழைய சந்தாவைச் சொல்லிக்கொடுத்தார். 2012-ல் புது வேகத்தோட திரும்பி வந்த லயன்-முத்து காமிக்ஸ், இன்னிக்கும் வருஷச் சந்தா வாங்கி கூரியர்ல புத்தகம் அனுப்புறாங்க. மாயாவியின் பழைய கதைகளை மறுபதிப்பாகவும் போட்டிருக்காங்க. அதுல ரெண்டைத் தேடிப்பிடிச்சு வாங்கிட்டார்.

மார்வெல் சந்தாவையும் நிறுத்தலை. பேரன் வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறாங்க. புதுப் பெட்டி மட்டும் இப்போ கட்டிலுக்கு அடியில இல்லை. மாடி ரூம்ல, பரண் மேல இருக்கு.