ஐந்து விநாடியில் ஒரு சொல்

கூடைப்பந்து ஆட்டத்தில் ஒருவர் மட்டுமே இயங்க, மற்றவர் அனைவரும் நின்று பார்க்கும் தருணம் ஒன்று உண்டு. அதனை ‘ஃப்ரீ த்ரோ’ என்கிறோம். ‘தனி எறி’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தோம். மைதானத்தில் எவரும் ஏற்கவில்லை, விட்டுவிட்டோம். பலகையிலிருந்து ஏறத்தாழ 4.6 மீட்டர் தொலைவில் ஒரு கோடு, 3.05 மீட்டர் உயரத்தில் ஒரு வளையம், இடையில் தடுப்பவர் எவருமில்லை. ஓடியும் இடித்தும் மூச்சிரைத்தும் நடந்த ஆட்டம் அந்த 5 விநாடிக்குத் தன்னை நிறுத்திக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிட எளிய காட்சி ஆட்டத்தில் இல்லை. நடுவராக நிற்பவருக்கோ இதைவிடச் சங்கடமான காட்சி இல்லை என்பதே நம் அனுபவம்.

தமிழ் கற்பிப்பது நமக்குத் தொழில். மாலை நேரங்களில் விசில் ஊதுவது பல்லாண்டுப் பழக்கம். “இலக்கணமும் விசிலும் எப்படி ஐயா ஒத்துப்போகின்றன?” என்று மாணவர் கேட்பதுண்டு. இரண்டிலும் சூத்திரம் சிறியது, உரை பெரியது என்பதே நம் விடை. இந்த விதியையே பாருங்கள். உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிநூல், எறிபவரின் எதிரணியினர் தம் செய்கைகளால் அவர் கவனத்தைக் கலைத்தல் ஆகாது என்று சொல்லி நின்றுவிடுகிறது. எது கலைப்பு, எது கலைப்பன்று என்று அது விரித்துரைக்கவில்லை. அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமான என்.பி.ஏ.யின் விதிநூல் சற்றே உரையாசிரியர் மனம் கொண்டது. எறிபவரின் பார்வைக்குள் கையை ஆட்டுவது, திடீரென அசைவது, அவரோடு பேசுவது, இடையூறாக உரக்கப் பேசுவது என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. எனினும் இரண்டு நூல்களும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. கலைப்பு நிகழ்ந்தும் பந்து வளையத்துள் விழுந்துவிட்டால் புள்ளி செல்லும், குற்றம் மறக்கப்படும். விழாவிட்டால் மட்டுமே மறுபடி எறியும் வாய்ப்பு.

கருணையும் சிக்கனமும் கலந்த ஏற்பாடு என்று இதனை நெடுநாள் வியந்திருந்தோம். இதற்குள் ஒரு பொறி இருக்கிறது என்பதை ஒரு மாலையில்தான் அறிந்தோம்.

கல்லூரிகளுக்கிடையிலான போட்டி அது. திறந்தவெளிச் சிமெண்டுத் தளம். இரண்டு நடுவர்கள் கொண்ட ஆட்டம். பலகைக்குக் கீழே நின்று எறிபவருக்குப் பந்தைக் கொடுத்தவர் நாம். உடன் நடுவர் பின்னால் நின்று கையசைத்து விநாடி எண்ணிக்கொண்டிருந்தார். வெளியூர் அணி 60, உள்ளூர் அணி 61. முடிய 4 விநாடி. வெளியூர் மாணவன் ஒருவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் எறிக்குப் பந்தைக் கொடுத்தோம். அவன் பந்தை இருமுறை தட்டி, மூச்சை இழுத்து, முழங்காலை வளைத்த நேரத்தில், வளையத்துக்கு அருகே நின்ற உள்ளூர் அணிக்காரன் மெல்லச் சொன்னான்:

“பாஸ், லேஸ் அவுந்துருக்கு.”

கேலி இல்லை, குரல் உயரவில்லை, கையும் அசையவில்லை. ஒரு தோழன் சொல்வதுபோலவே இருந்தது. எறிபவன் ஒரு கணம் கீழே பார்த்தான். பிறகு எறிந்தான். பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தது.

விசில் நம் வாயில் இருந்தது. நாமும் அவன் காலைப் பார்த்தோம். காலணிக் கயிறு உண்மையிலேயே அவிழ்ந்து கிடந்தது. அந்த உண்மைதான் நம் மூச்சை விசிலுக்குள் போகவிடாமல் தடுத்தது. இருப்பதைச் சொன்னவனை எப்படிக் குற்றம் சொல்வது? மாணவன் குனிந்து கயிற்றைக் கட்டினான். நாம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். இரண்டாம் எறி வளையத்தைத் தொடாமலே உள்ளே விழுந்தது. ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்துக்குச் சென்று, வெளியூர் அணி 3 புள்ளியில் தோற்றது.

முறையீடு ஏதும் வரவில்லை. தண்ணீர்க் குழாயருகே முகம் கழுவிக்கொண்டிருந்த அந்த மாணவன் நம்மைப் பார்த்ததும் நிமிர்ந்தான். “சார், லேஸ் அவுந்திருந்தது நெஜந்தான். ஆனா அத அவன் ஏன் சார் அப்ப சொன்னான்?” என்றான். விடை சொல்லாமல் வந்துவிட்டோம். சொல்வதற்கு விடை இல்லாமலில்லை. அதைச் சொன்னால் நம் பிழையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பேச்சால் கவனம் கலைந்த கதைகளுள் உலகறிந்தது 1997 ஜூன் 1ஆம் நாள் சிகாகோவில் நடந்தது. என்.பி.ஏ. இறுதித் தொடரின் முதல் ஆட்டம். சிகாகோவும் யூட்டாவும் 82-82 என்று சமனில் நிற்கின்றன, எஞ்சியிருப்பது 9.2 விநாடி. யூட்டாவின் கார்ல் மலோன் கோட்டுக்கு வருகிறார். அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். கொடுத்ததைத் தவறாமல் சேர்ப்பவர் என்பதால் ‘தபால்காரர்’ என்று பட்டம் பெற்றவர். சிகாகோவின் ஸ்காட்டி பிப்பன் அவரருகே சென்று, ஞாயிற்றுக்கிழமைகளில் தபால்காரர் தபால் கொண்டுவருவதில்லை என்ற பொருளில் ஒரு வரி சொன்னார். அன்று ஞாயிற்றுக்கிழமை. மலோன் இரண்டையும் தவறவிட்டார். கடைசி நொடியில் மைக்கேல் ஜோர்டான் எறிந்த பந்து விழ, சிகாகோ 84-82 என வென்றது. விசில் ஊதப்படவில்லை.

அந்த ஒரு வரியே ஆட்டத்தை வென்றது என்று இன்றுவரை சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். நமக்கு அதில் ஐயம் உண்டு. மலோன் தம் ஆட்ட வாழ்வில் நான்கு ஃப்ரீ த்ரோவில் ஏறத்தாழ மூன்றைப் போட்டவர். அப்படிப்பட்டவர் அடுத்தடுத்து இரண்டைத் தவறவிடுவது, எவரும் வாய் திறக்காத அரங்கிலும், பதினாறு முறைக்கு ஒருமுறை நேரக்கூடியதே. பிப்பனின் சொல் தைத்ததா, கை சோர்ந்திருந்ததா, இயல்பான தவறா? மலோனே அதை அறிந்திருப்பார் என்று சொல்ல முடியாது. பத்தடி தள்ளி நிற்கும் நடுவர் எப்படி அறிவார்? அடுத்தவர் மனத்துள் புகுந்து அங்கே கவனம் கலைந்ததா என்று பார்க்கும் வேலையை விதி நமக்குத் தருவதாக எண்ணுவதே முதற்பிழை. நாம் பார்க்கக்கூடியது செய்கையை மட்டுமே: எப்போது செய்தார், யாரை நோக்கிச் செய்தார், அந்த நேரத்தில் அதற்கு வேறு தேவை ஏதும் இருந்ததா.

பிப்பனின் வரியிலும் சட்டம் கேட்பது நேரத்தைத்தான். எறிபவரிடம் பந்து ஒப்படைக்கப்பட்ட பின்னரே என்.பி.ஏ.யின் தடை தொடங்குகிறது. அதற்கு முன் சொன்னது வெறும் வாய்ச்சண்டை. பின் சொன்னால் குற்றம். ஒரே சொல், சில விநாடி இடைவெளியில் இரண்டு வேறு பொருள் கொள்கிறது. இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் பயிற்சி உடைய தமிழ் மாணவருக்கு இது புதிதன்று.

உண்மையைச் சொன்னால் குற்றமாகுமா என்ற கேள்விக்கு வருவோம். வில்லாசிரியர் துரோணர், பறவையின் கண்ணைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்று சொன்ன அர்ச்சுனனை மெச்சியவர். கவனத்துக்கு உதாரணம் காட்ட நம் பள்ளிக்கூடங்கள் எல்லாம் அந்தக் கதையைத்தான் சொல்கின்றன. அதே துரோணர் குருட்சேத்திரத்தில் எப்படி வீழ்ந்தார் என்பதை அதனோடு சேர்த்துச் சொல்வதில்லை. அசுவத்தாமன் என்ற பெயருடைய யானை இறந்தது உண்மை. தருமன் அதைச் சொன்னதும் உண்மை; யானை என்ற சொல் தாழ்ந்த குரலில் வந்தது. மகன் இறந்தான் என்று கொண்ட துரோணர் வில்லைக் கீழே வைத்தார். கவனத்தைக் கற்பித்த ஆசிரியரே ஒரு சொல்லில் கலைந்தார் என்றால், பொய் சொல்லப்படவில்லை என்ற வாதம் எவரைக் காக்கும்? அந்தச் சொல் உண்மையாய் இருந்ததால்தான் வேலை செய்தது. லேஸ் அவிழ்ந்திருந்ததும் அப்படியே. அவிழாத கயிற்றைக் காட்டியிருந்தால் அம்மாணவன் அடுத்த முறை நம்பியிருக்கமாட்டான். நாமும் தயங்காமல் ஊதியிருப்போம்.

அக்கறையாகவே சொல்லியிருக்கலாமே என்று நண்பரொருவர் வாதிட்டார். இருக்கலாம். அக்கறையுள்ளவன் பந்து கைமாறுமுன் சொல்லியிருப்பான். அல்லது மூன்றடி தொலைவில் நின்ற நம்மிடம் சொல்லியிருப்பான்.

இன்னொரு தரப்பாரும் உண்டு. கலைகிறவன் ஏன் கலைகிறான், மனவுறுதி இல்லாதவனுக்கு விதி ஏன் முட்டுக்கொடுக்க வேண்டும் என்பர். அவர்கள் காட்டுவது கூட்டத்தை. கூட்டம் கத்தலாமாம், இருமல் கூடாதாம்! நியாயமான கேலிதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2013 முதல் மாணவர்கள் பலகைக்குப் பின்னால் ஒரு திரை கட்டுகிறார்கள். எதிரணியினர் எறியும்போது திரை விலகி விசித்திரக் காட்சியொன்று தோன்றும். 2016இல் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் நீச்சல் உடையில் பதக்கங்களோடு வெளிவந்தார். நடுவர் தடுக்கவில்லை, தடுக்க விதியும் இல்லை. கவனக் கலைப்புக்கான இந்த விதி எதிரணியை மட்டுமே கட்டுகிறது. ஆயினும் திரைக்குப் பின்னால் இருப்பவர் ஆட்டத்தில் இல்லாதவர். வளையத்தருகே நிற்பவரோ அதே விதிகளுக்கு உட்பட்டு ஆட ஒப்புக்கொண்டவர். ஃபவுல் செய்த அணிக்குத் தரப்பட்ட தண்டனையில் நின்று பார்க்கக் கடமைப்பட்டவர். தண்டனை நிறைவேறும் நேரத்தில் அதையே குலைக்க விடுவது எந்த வகை நீதி?

கூட்டம் கலைப்பது எறிபவரை மட்டுமன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2021 என்.பி.ஏ. இறுதிச்சுற்றுகளில் மில்வாக்கி அணியின் யானிஸ் அண்டெடொகும்போ கோட்டில் நின்றபோதெல்லாம் எதிரணி ஊர் மக்கள் ஒன்று, இரண்டு என்று பத்துவரை சேர்ந்து எண்ணினார்கள். அங்கே எறிய 10 விநாடி அனுமதி. அவர் நிதானமாக எறிபவர். (சொந்த ஊரில் நடந்த கடைசி ஆட்டத்தில் 19இல் 17 போட்டுக் கோப்பையை வென்றார் என்பது தனிக்கதை.) ஆயிரக்கணக்கானோர் எண்ணும்போது கடிகாரத்தைவிட வேகமாக எண்ணுவர். தனக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் நடுவர் அந்தப் பேரோசையில் தம் எண்ணிக்கையை இழக்காமல் இருப்பதே பெரும்பாடு. நடுவருக்கும் கவனம் உண்டு, அதுவும் கலையும் என்பதை விதிநூல்கள் பேசுவதில்லை.

நம் கவனம் அன்று கலைந்தது கூட்டத்தாலன்று. மேலே பொறி என்று சொன்னோமே, அதனால். “லேஸ்” என்ற சொல் காதில் விழுந்தபோது பந்து இன்னும் மாணவன் கையில் இருந்தது. முடிவு செய்ய வேண்டிய நேரம் அதுவே. நாமோ அண்ணாந்து வளையத்தைப் பார்த்தோம். விழுந்துவிட்டால் தொல்லையில்லை என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டோம். விழாதபோது, குற்றம் செய்தவனை விட்டுவிட்டுக் கயிற்றை விசாரித்தோம். பந்து விழுந்தால் குற்றமில்லை என்று விதி சொல்வது தண்டனையைப் பற்றி, தீர்ப்பைப் பற்றியன்று. பலகைக்குக் கீழே நிற்பவர் பந்தின் போக்கைப் பார்க்கவே கூடாது. அதை மற்றவர் பார்த்துக்கொள்வார். கீழே நிற்பவர் பார்க்க வேண்டியது இருபுறமும் வரிசையில் நிற்கும் ஐவரை. ‘கலைப்பு’ என்று மனத்துள் தீர்ப்பு எழுதி முடித்த பிறகே பந்து வளையத்தை அடைய வேண்டும். விசில் மட்டும் காத்திருக்கலாம். முடிவு தெரிந்த பின் எழுதும் தீர்ப்பில், ஊதினால் உள்ளூர்க்காரர் என்ன சொல்வர், ஊதாவிட்டால் யார் கேட்பர் என்பதெல்லாம் வந்து சேர்ந்துவிடுகின்றன. அன்று சேர்ந்தன. 61-60 என்ற எண்ணும் சேர்ந்தது.

குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அந்தப் போட்டிக்குப் பின் வந்த பருவத்தில் அதை நடத்தியபோது, முன்வரிசை மாணவரை நிமிர்ந்து பார்க்கச் சற்றுச் சிரமமாக இருந்தது.

அதன்பின் இதுபோன்ற இடங்களில் இருமுறை மாற்று எறி கொடுத்திருக்கிறோம். ஒருமுறை கைதட்டலுக்கு, ஒருமுறை, “பாத்துப் போடுங்க ப்ரோ” என்ற வாழ்த்துக்கு. இரண்டாவதற்குப் பயிற்சியாளர் ஒருவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும். இப்போதெல்லாம் பந்தைக் கொடுக்குமுன் எறிபவரின் காலணிகளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். கயிறு தளர்ந்திருந்தால் பந்தை நாமே வைத்துக்கொண்டு, “கட்டிக்கோ தம்பி, அவசரமில்ல” என்கிறோம்.