பாலம் தாண்டி ஒரு டீ

விராலிமலையிலிருந்து திருச்சி ஏர்போர்ட் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கேயிருந்து சிங்கப்பூர் நாலு மணி நேரச் சொச்சம். அதனாலோ என்னவோ, இந்தப் பக்கத்து டீக்கடைகளில் விசா சட்டம் பேசாத ஆளே கிடையாது :-)

"டூரிஸ்ட்டுல போ. 30 நாள் முடியப்போகுதா? உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி ஜொகூர் பாரு போய் ஒரு டீ குடிச்சிட்டுத் திரும்பு. புதுசா 30 நாள் குத்திடுவான்."

1924-இல் திறந்த அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரலாம் என்று மலேசியா சொன்னதும், இந்த யோசனைக்கு இறக்கையே முளைத்துவிட்டது.

விசா வேறு, தங்கும் அனுமதி வேறு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பலமுறை போய்வரும் விசா இருந்தாலும், உள்ளே விடுவதா, எத்தனை நாள் என்பதெல்லாம் கவுன்டரில் இருக்கும் அதிகாரி முடிவு. தாய்லாந்து இந்த விளையாட்டைப் பார்த்துச் சலித்துப்போய், விசா இல்லாமல் தரைவழியாக வருவது வருடத்துக்கு 2 தடவைதான் என்று 2016 கடைசியில் வரம்பே போட்டது.

ஊர் சுற்ற வந்தவருக்கு நஷ்டம் ஒரு டிக்கெட். "முதல்ல டூரிஸ்ட், அப்புறம் பெர்மிட்" என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் போன பையனுக்கு? டூரிஸ்ட் பாஸில் வேலை பார்ப்பதே அங்கே குற்றம். கெடு முடிந்து 90 நாளுக்கு மேல் தங்கிய ஆண்களுக்குச் சிறையோடு குறைந்தது 3 பிரம்படியும் சட்டத்தில் உண்டு. பையனைப் பேராசைக்காரன் என்று திட்டுவது சுலபம். ஆனால் அந்த அடியில் ஒன்றுகூட ஏஜென்ட் மேல் விழாது.

1983 குடிபெயர்வுச் சட்டப்படி வாங்கிய பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். முழிக்கிறாரா? பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.