மூட்டுவாதத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா? தடுப்பூசிக்கு முன் இதைப் படிங்க!

ஐப்பசி மழை பிடித்தால் தாமிரபரணிக் கரை ஊர்களில் காய்ச்சலும் கூடவே வரும். முடக்குவாதம், சோரியாசிஸுக்காக எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களை அது இன்னும் படுத்தும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் இவர்களுக்குத்தான் அவசியம். அந்த ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை, பயம் வேண்டாம். சின்னம்மை, எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைத்தான் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவரா? கொச்சி டாக்டர் பத்மநாப ஷெனாய் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வில், கோவிஷீல்டு டோஸுக்குப் பின் 2 வாரம் அதை நிறுத்தியவர்களுக்கு எதிர்ப்பொருள் கூடுதலாக உருவானது. ஆனால், சிலருக்கு மூட்டுவலியும் திரும்பியது. ஆகவே, நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியோ, தெருமுனை கிளினிக்கோ... ஊசிக்குக் கை நீட்டும் முன் மருந்துச்சீட்டை நீட்டுங்கள்!