ஏர்முனையில் தட்டுப்படும் பழம்பொருள்கள்

செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களில் ஏர் உழுவோரும் கிணறு வெட்டுவோரும் மண்ணினின்று பழைய உலோகத் துண்டுகளைக் கண்டெடுத்தல் புதுமையன்று. அங்ஙனம் கிடைத்தவற்றின் கதி பெரும்பாலும் மூன்றனுள் ஒன்றாகும். வெள்ளியெனத் தோன்றுவது தட்டாரின் மூசையில் உருகும். செம்பும் இரும்பும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகும். உருவம் உடையது புளியிட்டுத் துலக்கப்பெற்று வீட்டு மாடத்தில் ஒளிரும். மூன்றிலும் அழிவது ஒன்றே. அஃது அப்பொருள் நம் நாட்டைப்பற்றிச் சொல்லவந்த செய்தி. இவ்வழிவைத் தடுக்க முதற்கண் வல்லவர் ஆராய்ச்சி அறிஞர் அல்லர். அப்பொருளை முதன்முதற் கையிலெடுக்கும் உழவரும் அவர்தம் கல்வி கற்ற மக்களுமே என்பது எம் துணிபு.

நம் மாவட்டத்து மண் வெறும் மண்ணன்று. மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் 1950-ஆம் ஆண்டிலும் 1952-ஆம் ஆண்டிலும் இந்தியத் தொல்பொருள் துறையினர் அகழ்ந்தபோது, கல்வட்டங்களின் அடியில் சுடுமண் ஈமப்பேழைகளும் இரும்புக் கருவிகளும் வெளிப்பட்டன. மாமல்லபுரத்திற்குத் தெற்கே பாலாற்று முகத்துவாரத்தின் அருகிலுள்ள வசவசமுத்திரத்தில் 1970-இல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையினர் உரோமச் சாடிகளின் ஓடுகளைக் கண்டனர். அதனை அடுத்த சதுரங்கப்பட்டினம் ஒல்லாந்தர் கோட்டை கட்டி வாணிகம் செய்த துறை. ஆதலின் இப்பகுதியில் ஒரு சால் உழுதால் ஈராயிரம் ஆண்டின் எப்பொருளும் தட்டுப்படலாம்.

அவற்றை அறியும் வழி அரிதன்று. பொன் நிறம் மாறாது. செம்பும் வெண்கலமும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். இரும்பு செந்துருவேறிப் பருத்து, மண்கட்டியெனவே மயக்கும். ஈயம் வெண்சாம்பல் நிறங்கொண்டு, அளவிற்கு மிஞ்சிக் கனக்கும். வெள்ளியோ பளபளப்பதில்லை, கறுத்தோ, தன்னுட் கலந்த செம்பினாற் பச்சை படர்ந்தோ இருக்கும். இவற்றுள் மிகுதியும் ஏமாற்றுவது முத்திரைக் காசு. தகட்டினின்று வெட்டப்பெற்றுச் சதுரமாகவோ கோணலாகவோ, எடை சரிசெய்தற்பொருட்டு மூலை நறுக்கப்பட்டிருக்கும் அச்சிறு வெள்ளித் துணுக்கைக் காசென்று எவரும் எண்ணார். அதன்மேல் ஞாயிறு, ஆறு கைச் சக்கரம், யானை முதலிய முத்திரைகள் மங்கலாகத் தோன்றுமாயின், அஃது ஈராயிரம் ஆண்டிற்கு முற்பட்ட நாணயமாதல் கூடும். முன்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்திருந்த மாம்பலத்தில் இத்தகைய காசுக் குவியலோடு உரோமப் பேரரசன் அகஸ்டஸின் காசு ஒன்றும் கிடைத்தது. இரண்டும் ஒருங்கே கிடைத்தமையாலன்றோ அவ்விரு வகையும் ஒரு காலத்தில் ஒருவர் கையில் வழங்கின என அறிகின்றோம்! குவியலைப் பிரித்து விற்றிருப்பின் இவ்வுண்மை மறைந்தே போயிருக்கும்.

இடத்தைப் போலவே பொருள்மேற் படிந்த அழுக்கும் சான்றாகும். 1976-இல் திருவாரூரை அடுத்த பத்தூரில் தொழிலாளி ஒருவர் மண் தோண்டுகையில் நடராசர் திருவுருவம் ஒன்று கிடைத்தது. அஃது அரசினருக்கு அறிவிக்கப்படாமற் கைமாறி இலண்டன் சென்றது. அங்கு நடந்த வழக்கில் 1988-இல் நம் பக்கம் தீர்ப்பாயிற்று. 1991-இல் உருவம் தாய்நாடு மீண்டது. அவ்வழக்கில் உருவத்தின்மேல் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் புற்றின் தடமும் பத்தூரில் கிடைத்த பிற திருமேனிகளோடு ஒப்பிடப்பெற்றன. எவரேனும் அதனைத் தேய்த்து விளக்கியிருந்தால் அச்சான்றை எங்ஙனம் பெற்றிருத்தல் இயலும்?

“வயிற்றிற்கு இல்லாதவன் வெள்ளியைக் கண்டால் விற்காமல் வரலாற்றை எண்ணிக்கொண்டிருப்பானோ?” எனச் சிலர் வினவலாம். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம் கண்டெடுத்தோனைக் கலெக்டருக்கு அறிவிக்கக் கட்டளையிடுகின்றது. மறைத்தோனுக்குச் சிறையும் விதிக்கின்றது. உரியவரில்லாப் புதையலில் வேறு உடன்பாடு இல்லாவிடத்து நான்கில் மூன்று பங்கு கண்டவனுக்கும், ஒரு பங்கு நிலத்துக்குரியவனுக்கும் உண்டென அச்சட்டமே கூறுகின்றது. அரசினர் அதனைக் கொள்ள விரும்பின் உலோகத்தின் விலையோடு அதில் ஐந்திலொரு பங்கு கூட்டித் தரல்வேண்டும். தண்டனையை அறிந்த அளவிற்கு இவ்வுரிமையை நம் உழவர் அறிந்திலர். அச்சம் ஒன்றே மிஞ்சினால் மூசைதான் நிறையும்.

சட்டத்திலும் குறையுண்டு. அறிவிப்புச் செய்து குறைந்தது நான்கு திங்கள் கழிந்த பின்னரே உரிமை கோருவோர் விசாரிக்கப்படுவர். பொருளின் அருமை எத்துணையாயினும் ஐந்திலொரு பங்கே மிகுதி. தட்டார் அன்றைக்கே காசு தருகின்றார்; அரசினர் காலந்தாழ்த்தித் தருவர் எனின், ஏழை எப்பக்கம் சாய்வான்? பொருள் பெற்ற அன்றே சீட்டும் ஒரு தொகையும் கொடுத்தலும், காட்சிச்சாலையிற் கண்டவன் பெயரைப் பொறித்தலும் அரசினர் கடமையென்போம்.

நம் மாணவருட் பலர் சிற்றூர்களினின்று வருவோர். அவர் விடுமுறையில் ஊர் செல்லுங்கால் இவற்றையேனும் சொல்லிவருவாராக: கிடைத்ததைத் தேய்க்கவேண்டா, உருக்கவேண்டா, உடன் கிடைத்தவற்றைப் பிரிக்கவேண்டா, மேலும் கிடைக்குமென்று தோண்டவேண்டா. கிடைத்த வயலையும் ஆழத்தையும் நாளையும் எழுதிவைத்துக் கிராம நிருவாக அலுவலர் வாயிலாகக் கலெக்டருக்கு அறிவித்துச் சீட்டுப் பெறுக. வேண்டின் மனு எழுதித் தருவதும், உழவரோடு அலுவலகம் வரை சென்று துணைநிற்பதும் மாணவர் செய்யத்தக்க தொண்டாகும். எழுத்தறிந்தோர் இத்துணையேனும் செய்யாதிருந்து, மண்ணோடு போராடும் மக்களை வரலாறு அறியாதவர் எனப் பழித்தல் முறையன்று.