பெரிய கமெராவுக்கு இன்னும் இடமுண்டா?

திருமணமோ பூப்புனித நீராட்டு விழாவோ நடக்கும் மண்டபத்தில், ஒளிப்படக் கலைஞரின் திறமையை அவர் கொண்டுவரும் கமெராவின் பருமனைக் கொண்டு அளக்கும் வழக்கம் எம்மவரிடம் இன்னும் உண்டு. "இந்தச் சின்னக் கமெராவுக்கோ இவ்வளவு காசு?" என்று கேட்போரும் உளர். தொண்ணூறுகளில் தோளில் சுமந்த வீடியோ கமெரா விட்டுச்சென்ற நினைவு இது. அன்று முழு அளவு ஒளிநாடாவை உள்ளே வைக்கவேண்டியிருந்ததால் கருவி பெரிதாயிருந்தது. இன்று அத்தேவை இல்லை. மதிப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது.

பருமனுக்கு நியாயம் இருந்த காலமும் உண்டு. நாம் வாழும் இந்நாட்டிலேயே, சாப்ஹவுசனைச் சேர்ந்த கார்ல் கோக் 1940களின் பிற்பகுதியில் உருவாக்கிய 'சினார்' கமெரா அதற்குச் சான்று. துருத்திபோன்ற உடல், முக்காலி, 4க்கு 5 அங்குலப் படத்தாள். 35 மி.மீ. படச்சுருளின் ஒரு படத்தைவிட அத்தாளின் பரப்பு ஏறத்தாழ 15 மடங்கு. வில்லையையும் தாளையும் தனித்தனியே சரிக்க முடிந்ததால், உயர்ந்த கட்டடத்தின் சுவர்கள் மேலே குவியாமல் நேராக விழுந்தன. அந்தச் சினாரை 2013இல் லைக்கா வாங்கியது. 1925இல் சிறிய கமெராவை உலகுக்குப் பழக்கிய அதே பெயர்!

செய்தித்துறையும் சிறியதை நோக்கியே செல்கிறது. 2020இல் ஏ.பி. செய்தி நிறுவனம், உள்ளே கண்ணாடி எழுந்து விழும் பழைய கமெராக்களை விட்டு, கண்ணாடியற்ற சோனி கமெராக்களுக்கு மாறுவதாக அறிவித்தது. ஆயினும் விளையாட்டரங்க ஓரத்தில் நிற்பவரின் 400 மி.மீ. தூரவில்லை சுருங்கவில்லை. மங்கிய ஒளியிலும் விரைந்து படமெடுக்க அதற்கு 14 செ.மீ. அகலமான முகப்பு வேண்டும். இது ஒளியின் கணக்கு, கம்பனியின் விருப்பமன்று. ஆகவே பெரிய கருவி முற்றாக மறையாது; சில வேலைகளுக்குரியதாக ஒதுங்கும் என்பதே எமது எண்ணம்.

ஆனால் எமக்கு இவ்விவாதத்தின் கனம் வேறிடத்தில் உள்ளது. 2009இல் வன்னிப் போர்முனைக்குச் சுதந்திர ஊடகவியலாளர் அனுமதிக்கப்படவில்லை. உலகச் செய்தி நிறுவனங்களின் பெருங்கமெராக்கள் வெளியே நின்றன. அவ்வாண்டு ஓகஸ்ற்றில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய, கைகள் கட்டப்பட்டோர் சுட்டுக் கொல்லப்படும் காட்சி கைத்தொலைபேசியில் பதிவானது. இலங்கை அரசு அதனைப் போலி என்றது. 2010 ஜனவரியில் ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்ரன், மூன்று நிபுணர்களின் ஆய்வை முன்வைத்து, அது உண்மையானதாகவே தோன்றுகிறது என்றார். கோப்பில் பதிந்திருந்த திகதி உட்படச் சிலவற்றுக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இங்கேதான் சிறிய கமெராவின் பலவீனமும் தெரிகிறது. சினாரின் படத்தாள் ஒரு பெட்டியில் பத்திரமாகக் கிடந்தது. கைத்தொலைபேசிப் படமோ வாட்ஸ்அப்பில் கைமாறும்போது சுருக்கப்பட்டு, எடுத்த நேரம், இடம் பற்றிய குறிப்புகளை இழந்துவிடுகிறது. அனுப்பியவர் இடம்போதாமல் மூலத்தை அழித்தும் விடுகிறார். புகலிட விண்ணப்பத்துக்குச் சான்றாகப் படம் கொடுக்க எண்ணுவோர், ஊரிலுள்ள உறவினரிடம் மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருக்கும்படி இப்போதே சொல்லிவைப்பது நல்லது.