சாத்தானின் முதுகில் ஏறிய செய்மதிகள்

ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கல்லணையில் நின்றபோது எனக்கு ரொக்கெட்டுகளின் நினைவு வந்தது என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இத்துறைமுகத்தின் கட்டுமானம் 2008இல் தொடங்கியது. மர்ஹூம் அஷ்ரப் கண்ட கனவு. டென்மார்க் கடனுதவியில் எழுந்து 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. கல்லணை கடலுக்குள் நீண்டதும், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டது. முகத்துவாரம் மணலால் அடைபட்டது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையைத் தின்றது. தோணி இழுத்து வைக்க இடமின்றி மீனவர் வீதிக்கு வந்து போராடினர்.

அதே 2008 ஓகஸ்டில் ரபிட்ஐ என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் ஐந்து செய்மதிகள் விண்ணுக்குச் சென்றன. உலகின் நிலப்பரப்பையும் கரைகளையும் படமெடுப்பது அவற்றின் பணி. அவற்றைச் சுமந்து சென்றது தினெப்பர் ரொக்கெட். ரொக்கெட் என்பது பிற்காலப் பெயர்தான். அதன் பூர்வீகம் சோவியத் யூனியனின் ஆர்-36எம் ஏவுகணை. பத்து அணுகுண்டுகளைச் சுமக்கவல்லது. நேட்டோ நாடுகள் அதற்கு இட்ட பெயர் ‘சாத்தான்’.

1991இல் அமெரிக்காவும் சோவியத்தும் ஒப்பமிட்ட ஸ்டார்ட் உடன்படிக்கையின்படி இவற்றில் பெருந்தொகையானவை அகற்றப்பட வேண்டியிருந்தன. வெட்டி எறிவதற்குப் பதிலாகச் சிலவற்றின் தலையிலிருந்த குண்டுகளைக் கழற்றிவிட்டுச் செய்மதிகளை வைத்தார்கள். நிலத்தடிக் குழியிலிருந்து வாயு அழுத்தத்தால் மேலே தள்ளப்பட்டு, வெளியே வந்த பின்னரே இயந்திரம் பற்றிக்கொள்ளும். போருக்காக வகுத்த முறை அப்படியே இருந்தது. 1999 முதல் 2015 வரை 22 ஏவல்கள், தோற்றது ஒன்றே. ஆர்-36எம்மின் உறவுக்காரனான யூஆர்-100என், ரொகொட் என்ற பெயரில் இதே வேலையைச் செய்தது.

இதெல்லாம் போர்க்கருவிக்கு வெள்ளையடிக்கும் வேலை என்று சொல்லும் நண்பர்கள் எனக்குண்டு. நான் உடன்படவில்லை. விண்ணுக்கு ஏவப்பட்ட ஏவுகணை மறுபடி குழிக்குத் திரும்புவதில்லை. ஆனால் இந்தப் பாதை இருவழிப் பாதை என்பதையும் மறக்கலாகாது. நமது அண்டை நாட்டில் அது எதிர்த்திசையில் நடந்தது. 1980இல் ரோகிணி செய்மதியை ஏற்றிச் சென்ற எஸ்எல்வி-3இன் முதற்கட்ட மோட்டார்தான், 1989 மே 22இல் சோதிக்கப்பட்ட அக்னி ஏவுகணைக்கும் முதற்கட்டமாயிற்று. இரண்டிலும் அப்துல் கலாமின் கை இருந்தது. திசையைத் தீர்மானிப்பது பொறியியல் அல்ல. அரசுகள் இடும் ஒப்பம். தெற்காசியாவில் அந்த ஒப்பம் இல்லை. ஏவுகணைச் சோதனையை முன்கூட்டி அறிவிக்க இந்தியாவும் பாகிஸ்தானும் 2005இல் உடன்பட்டன. எண்ணிக்கையைக் குறைக்க அல்ல.

தினெப்பர் முயற்சி ரஷ்யாவும் உக்ரைனும் கூடிச் செய்தது. 2014இன் பகைமைக்குப் பின் அது நீடிக்கவில்லை. ஆர்-36எம்மைத் தயாரித்த ஆலை உக்ரைனின் தினிப்ரோ நகரில் உள்ளது. 2024 நவம்பர் 21 அன்று ரஷ்யாவின் ஒரெஷ்னிக் ஏவுகணை தாக்கியது அந்த ஆலையைத்தான்.

ரபிட்ஐ 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் ரொகொட் 2016இலும் 2018இலும் ஏற்றிவிட்ட சென்டினல்-3 செய்மதிகள் கடலின் வெப்பத்தையும் நிறத்தையும் மட்டத்தையும் அளப்பவை. மீன் எங்கே கூடும் என்று ஊகிக்க உதவும் தரவுகள் அவை. எவரும் காசின்றிப் பெறலாம். துறைமுகத்துக்கு அருகிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் அத்தரவுகளை வாசித்து, நாலு வரித் தமிழில், ஒவ்வொரு காலையும் ஒலுவில் கரையில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன?