கரன்ட் வைக்க 5 வாரம். தோப்பை யார் பார்ப்பது?

ஸ்ரீரங்கம் மேலூர்ப் பக்கம் வாழை வைத்திருக்கும் ஒரு அக்காவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். சென்னைக்குப் போனாங்க. ‘வாரத்துக்கு 5 நாள், 5 வாரம் கரன்ட் வைக்கணும்’னு சொல்லிட்டாங்க. மூணாவது வாரமே அக்கா ஊர் திரும்பிட்டாங்க. தார் வெட்டுற நேரம், மாட்டைப் பார்க்க ஆள் இல்லை, அறை வாடகைக்குப் பணமும் தீர்ந்துபோச்சு. மறுபடி போனது 10 நாள் கழித்துத்தான்.

அந்த 10 நாள்தான் என்னை எழுத வைக்கிறது.

பாதி வயலில் களை எடுத்துவிட்டு 10 நாள் விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கதிர்வீச்சும் அப்படித்தான். நடுவில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் திரும்பப் பெருகும். இந்த நோய்க்கு, உள்ளே வைக்கும் கதிர்வீச்சையும் சேர்த்து, மொத்தச் சிகிச்சையும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். ஒவ்வொரு நாளும் இயந்திரத்தில் படுப்பது கால் மணி நேரம்தான். அதற்காகத் திருச்சிக்காரர் 320 கிலோமீட்டர் தள்ளிப் போய்க் குடியிருப்பதென்றால், தூரமே பாதி நோய்.

பழைய கோபால்ட் இயந்திரத்தின் வீரியம் சுமார் 5 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். லீனியர் ஆக்சிலரேட்டர் மின்சாரத்தில் ஓடுவது. கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரை வளைத்துக் கொடுத்து, பக்கத்து உறுப்புகளை முடிந்தவரை காப்பாற்றும். சிலவகை மார்பகப் புற்றுக்கு இப்போது 3 வாரத்திலேயே முடித்துவிடுகிறார்கள்.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-ல் அடையாறு மருத்துவமனையைத் தொடங்கினார். 70 வருஷம் ஆகிவிட்டது. திருச்சியில் தனியார் மருத்துவமனைகளில் நவீன இயந்திரங்கள் வந்துவிட்டன. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் துறையூர், மணப்பாறை, தொட்டியம் ஆளுக்குத் தினசரி போக்குவரத்தையும், இழந்த கூலியையும் யார் கொடுப்பது?

நம்ம ஆளுங்களிடமும் ஒன்று சொல்லணும். ‘நஞ்சில்லாம சாப்பிடு, தானாச் சரியாகும்’ என்று சிலர் சொல்கிறார்கள். கிளைபோசேட்டைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2015-ல் சேர்த்தது உண்மை. நஞ்சை எதிர்ப்பது நம் கடமை. ஆனால் அக்காவுக்கு வந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் ஒரு வைரஸ். வந்த கட்டியைக் கஷாயம் கரைக்காது. அதைச் சொல்லி ஒருவரை 3 மாதம் வீட்டில் உட்கார வைப்பது பாவம்.

என்ன கேட்கலாம்? மாசாமாசம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் யூரியா, வாய்க்கால், கொள்முதல் பற்றிப் பேசுகிறோம். இதையும் பேசுவோம். டெல்டா மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் நவீன இயந்திரம், அதை ஓட்ட மருத்துவ இயற்பியலாளர், பழுதானால் உடனே சரிசெய்ய ஏற்பாடு, நோயாளிக்கும் துணைக்கும் பக்கத்திலேயே இலவசத் தங்குமிடம். இயந்திரம் மட்டும் வந்து ஆள் வராவிட்டால் பூட்டிய கொட்டகைதான். வெளியூர் போக வேண்டியவர்களுக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் முழுச் சலுகையும், துணைக்கு 75 சதவீதமும் உண்டு. மருத்துவமனைச் சான்று வாங்கினால் போதும். பலருக்கு இது தெரியாது.

அரசு செய்யும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். ஒவ்வொரு ஊர்க் குழுவும் ஒரு முடிவெடுக்கலாம்: நம்மில் ஒருவர் கரன்ட் வைக்கப் போனால், அந்த 5 வாரமும் அவர் மாடும் மடையும் நம் பொறுப்பு. நடவுக்குக் கைமாத்தாக ஆள் போன வழக்கம் நமக்குப் புதுசு இல்லையே. அன்றைக்கு நாலு பேர் போய்த் தார் வெட்டியிருந்தால், அக்கா சென்னையை விட்டு வந்திருக்க மாட்டாங்க.